வாயில் வெள்ளை, வயிற்றில் வீக்கம்: தொட்டி மீன்களின் பாக்டீரியா நோய்களை இனம் காண்பதும் மருந்து கொடுப்பதும்

கடையிலிருந்து வந்த மூன்றாம் நாள் மோலி மீனின் வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தால் பெரும்பாலானவர்கள் கை போவது நீல மருந்து பாட்டிலுக்குத்தான். ‘ஃபங்கஸ்’ என்று கடையிலும் சொல்வார்கள், மெத்திலீன் புளூவையும் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் மோலி செத்துவிடும். கூட இருந்த கப்பிகளின் முதுகிலும் வெளிறிய திட்டு வந்திருக்கும். 29, 30 டிகிரியில் கிடக்கும் சென்னைத் தொட்டியில், உயிரோடு நீந்தும் மீனின் வாயில் வரும் அந்த வெள்ளை அநேகமாகப் பூஞ்சை கிடையாது. காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். மெத்திலீன் புளூ அதன் போக்கை நிறுத்தாது.

தொட்டி மீன்களின் பாக்டீரியா நோயில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் மருந்து கிடைக்காதது அல்ல, நோயை மாற்றிப் புரிந்துகொள்வதுதான். கிருமி தோலின் மேல் இருக்கிறதா, இரத்தத்தில் கலந்துவிட்டதா, உள்ளுறுப்பில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்துவிட்டதா என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மூன்றாவதற்கு வைத்தியமே இல்லை.

கிருமி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை

ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எல்லாத் தொட்டியிலும் உண்டு. அடிமட்டச் சேற்றில், ஃபில்டர் ஸ்பாஞ்சில், நல்ல மீனின் குடலில்கூட வாழ்கின்றன. வழவழப்புப் படலமும் செதிலும் செவுளின் மெல்லிய தோலும் சரியாக இருக்கும்வரை அவற்றால் உள்ளே நுழைய முடியாது. ஆக, நோய் தெரிந்ததும் முதலில் கேட்க வேண்டியது ‘எந்தக் கிருமி’ என்பதைவிட ‘எது வழி விட்டது’ என்பதுதான். கோல்டு ஃபிஷைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வெயிலில் கொண்டுவந்தது, புதுத் தொட்டியில் ஒரே நாளில் இருபது மீன் விட்டது, முரட்டு வலையில் பிடித்தது, சாக்கடையில் அள்ளிய ட்யூபிஃபெக்ஸ் புழுவைச் சரியாகக் கழுவாமல் போட்டது என்று அந்தப் பட்டியல் நீளம். எல்லாவற்றுக்கும் மேலே அமோனியா.

அமோனியாவின் கணக்கு நம் ஊர்த் தண்ணீரில் கொஞ்சம் கொடுமையானது. டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அமோனியாவை. அதில் நஞ்சாக வேலை செய்வது அயனியாகாத பகுதி மட்டும். தண்ணீர் 30 டிகிரியிலும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7-லும் இருந்தால் அந்தப் பகுதி மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே வெப்பத்தில் பிஎச் 8 ஆனால் ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். போர்வெல் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் பிஎச் 8 என்பது சகஜம். கிட்டில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று காட்டினால் உண்மையான நஞ்சு 0.07 மில்லிகிராமுக்கு மேல். செவுள் கெடத் தொடங்குவதற்கு 0.05 போதும். செவுள் கெட்ட மீனுக்கு எந்த ஆன்டிபயாடிக் போட்டாலும் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. துடுப்பில் சிவப்புக் கோடு, செவுள் சிவப்பு, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது எல்லாம் அமோனியாவாலும் வரும், கிருமியாலும் வரும். அதனால் மருந்துக்கு முன் அமோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் சுழியத்தில் இல்லையென்றால் அன்றே பாதித் தண்ணீர் மாற்றி, மறுநாளும் மாற்றிவிட்டு மீனைப் பாருங்கள். சிவப்பு வடிந்துவிட்டால் அது நோயே இல்லை. நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

காலம்னாரிஸ்: நேரம் கொடுக்காத நோய்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மீன்களில் இந்த நோயைக் கண்டு 1922-இல் விவரித்தவர் டேவிஸ் என்ற ஆய்வாளர். புண்ணிலிருந்து சுரண்டியதை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது கிருமிகள் தூண் தூணாகக் குவிந்து நின்றன. பெயர் அதிலிருந்து வந்தது. கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்க 1940கள் வரை ஆனது. இன்று அதன் பெயர் ஃபிளேவோபாக்டீரியம் காலம்னாரே. ஒரே இனம் என்று நினைத்திருந்ததை 2022-இல் நான்காகப் பிரித்துவிட்டார்கள். தொட்டி வைத்திருப்பவருக்கு அதனால் பெரிய மாற்றமில்லை.

கண்ணால் பார்த்தே பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபில்டரை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, செல்போன் டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் பிடியுங்கள். பூஞ்சையாக இருந்தால் இழைகள் தோலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, மீன் அசையும்போது தனியாக அலையும். காலம்னாரிஸ் அப்படி நீட்டாது. தட்டையாக, குட்டையாக, தோலோடு படிந்து கிடக்கும். வெள்ளையில் சாம்பலோ மஞ்சளோ கலந்திருக்கும், ஓரத்தில் மெல்லிய சிவப்பு வளையமும் தெரியலாம். முதுகுத் துடுப்பின் இரண்டு பக்கமும் சேணம் போட்டாற்போல் வெளிறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். செவுளை மட்டும் தாக்கும் வகைதான் மோசம். வெளியில் ஒரு அடையாளமும் இருக்காது. மீன் ஏர் பம்ப் குமிழிக்குப் பக்கத்திலேயே நின்று மூச்சு வாங்கிவிட்டுச் செத்துப்போகும். செவுள் மூடியைத் தூக்கினால் இதழ்களின் நுனி அழுகிப் பழுப்பாகியிருக்கும்.

உறுதி செய்ய கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும். திட்டின் நடுவில் சுரண்டாமல் ஓரத்தில் கவர் கிளாஸால் லேசாகச் சுரண்டி, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டில் வைத்து மூட வேண்டும். நடுவில் இருப்பது செத்த தோலும் பிறகு வந்து சேர்ந்த கிருமிகளும். சில நிமிடம் அப்படியே விட்டுவிட்டு 400 மடங்கில் பார்த்தால் நீளமான மெல்லிய கம்பிகள் வளைந்து வழுக்கிப் போவதும், திசுவின் விளிம்பில் வைக்கோல் போர்போல் குவிவதும் தெரியும். பூஞ்சையோ 100 மடங்கிலேயே தடித்த, கிளைவிட்ட நூலாகத் தெரிந்துவிடும்.

மெத்திலீன் புளூவுக்கு அடுத்த தவறு ஹீட்டரைக் கூட்டுவது. வெள்ளைப் புள்ளி நோய்க்கு 30 டிகிரி உதவும் என்று கேட்டுப் பழகியவர்கள் எல்லா நோய்க்கும் அதையே செய்கிறார்கள். காலம்னாரிஸ் 25 டிகிரிக்கு மேலே வேகமெடுக்கும். 30-ஐ நெருங்கினால் ஓரிரு நாளில் தொட்டி காலியாகிவிடும். இங்கே செய்ய வேண்டியது நேரெதிர்: ஹீட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாவதாலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னையின் புழுக்கத்தில் கொஞ்சம் குறைவாக இறங்கலாம். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது வேண்டாம். வெப்பம் திடீரென்று ஏறி இறங்கினால் இருக்கிற எதிர்ப்பும் போய்விடும். காற்றுக் கல் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5 தான். பாதிச் செவுளோடு இருக்கும் மீனுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

அடுத்தது உப்பு. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல்லுப்பு போட்டால் இந்தக் கிருமி தோலில் ஒட்டுவது குறையும், மீனுக்கும் உடம்பு உப்பைக் காக்கும் வேலை இலேசாகும். அயோடின் உப்பானாலும் கெடுதலில்லை. தொட்டியின் அளவைச் சரியாகப் போட வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி கணக்குப்படி சுமார் 57 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடைவெளி போக உள்ளே இருப்பது 45 லிட்டர்தான். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 90 கிராம் உப்பு. அதை ஒரு மக்கு தண்ணீரில் கரைத்து ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றலாம். கோரிடோரஸ், லோச் வகை மீன்கள், செடிகள் இருந்தால் 1 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தோலில் மட்டும் இருக்கும் ஆரம்ப நிலைக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பழைய, மலிவான, வேலை செய்கிற மருந்து. அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இதைச் சிட்டிகையால் அளக்கவே முடியாது. 1 கிராம் படிகத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்தால் அந்தக் கரைசல் 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் இருக்கும். 45 லிட்டர் தொட்டிக்கு 90 மில்லி. தண்ணீர் இளஞ்சிவப்பாகச் சில மணி நேரம் நிற்க வேண்டும். அரை மணியில் பழுப்பாகிவிட்டால் கிருமிக்குப் போக வேண்டியதை அடிச்சேறு தின்றுவிட்டது என்று பொருள். அதற்காக உடனே இன்னொரு தடவை ஊற்றக் கூடாது. சேற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுநாள் செய்யலாம். பிஎச் 8-க்கு மேலே போன தண்ணீரில் மாங்கனீசு செவுளில் படியும் அபாயம் உண்டு, அங்கே இதைத் தவிர்ப்பதே நல்லது. மீன் தடுமாறினால் உடனே முறிக்க சோடியம் தயோசல்ஃபேட், அதாவது குளோரின் எடுக்கும் அதே படிகம், கையில் இருக்கட்டும்.

வால் அழுகல்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கடிபட்டுக் கிழிந்த துடுப்பின் விளிம்பு தெளிவாக இருக்கும். அழுகலில் விளிம்பு பால் வெள்ளையாகவோ சிவந்தோ பிசிறடித்து, நாளுக்கு நாள் உள்ளே வரும். ஃபைட்டர் மீனைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் வைப்பவர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான், காரணமும் அந்த ஜாடிதான். தினம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் உப்புப் போட்டால் ஒரு வாரத்தில் விளிம்பில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புதுத் திசு வரத் தொடங்கும். அது வெள்ளைப் பூச்சு இல்லை, வளர்ச்சி. பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். அழுகல் துடுப்பின் அடி எலும்பைத் தொட்டுவிட்டால்தான் ஆன்டிபயாடிக். அதற்குப் பின் துடுப்பு முழுதாகத் திரும்பி வராது.

இரத்தத்துக்குள் போனபின்

வயிற்றிலும் துடுப்பு அடியிலும் சிவப்புத் திட்டு, குழிந்த புண், இரண்டு கண்ணும் பிதுங்குவது, வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்து நிற்பது இவையெல்லாம் கிருமி உள்ளே போனதன் அடையாளம். ஏரோமோனாஸ் கக்கும் நஞ்சு சின்ன இரத்தக் குழாய்களை உடைப்பதால் தோலுக்கடியில் கசிவது அந்தச் சிவப்பு. ஒரு கண் மட்டும் பிதுங்கினால் அடிபட்டிருக்கலாம். சுத்தமான தண்ணீரே பெரும்பாலும் போதும்.

செதில் நிமிர்ந்த வீக்கம் தனி நோயில்லை, சிறுநீரகம் தோற்றுவிட்டதன் காட்சி. நன்னீர் மீனின் உடம்பில் உப்பு அதிகம், வெளியே குறைவு. அதனால் செவுள் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் நின்றால் தண்ணீர் வயிற்றில் தேங்கும். செதில்கள் முழுதாக நிமிர்ந்தபின் பிழைக்கும் மீன் குறைவு. 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், கிருமியைத் தொடாது. வீக்கம் தெரிவதற்கு முன்னாலேயே மீன் தீனியைத் துப்பும், கூட்டத்தைவிட்டு மூலையில் நிற்கும், நிறம் கறுக்கும். வைத்தியத்துக்கான நேரம் அது.

எந்த ஆன்டிபயாடிக் என்பதில்தான் கடைகளில் அதிகம் குழப்பம். ஆய்வகத்தில் சாயம் ஏறும் விதத்தை வைத்துப் பாக்டீரியாக்களைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். அலங்கார மீன்களைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கிராம் நெகட்டிவ். எரித்ரோமைசின் கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கான மருந்து. அமாக்சிசிலினுக்கு ஏரோமோனாஸ் இயல்பிலேயே மசியாது. இந்த இரண்டும் பொருந்துவது ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு. அது வந்தால் மீன்கள் சுழன்று சுழன்று நீந்தும், கண் பிதுங்கும், சில நாளில் பல மீன் சாகும். மெட்ரோனிடசோல் வேறு கதை. குடல் ஒட்டுண்ணிக்குப் பயன்படும், இங்கே வீண். கிராம் நெகட்டிவுக்கு வழக்கமாக எடுப்பவை ஆக்சிடெட்ராசைக்ளின், கனமைசின், நைட்ரோஃபியூரான் வகைகள். கனமைசின் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியது, அதை மற்றவற்றோடு கலந்து ஊற்றுவது கூடாது. நைட்ரோஃபியூரான்கள் உணவுக்கான மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. சாப்பிடும் மீன் இருக்கும் குளத்துக்கு அருகிலேயே அவை போகக் கூடாது. ஆன்டிபயாடிக்குகள் மருந்துச் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய அட்டவணையில் இருப்பவை, எனவே கால்நடை மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆக்சிடெட்ராசைக்ளினைத் தண்ணீரில் ஊற்றுபவர்கள் கவனிக்காத ஒன்று, தண்ணீரின் கடினத்தன்மை. கால்சியமும் மெக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டுண்ட மருந்து செவுளைக் கடந்து உள்ளே போகாது. மென்மையான தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் செய்யும் வேலைக்குக் கடின நீரில் 100 வரை தேவைப்படும் என்று மருத்துவக் குறிப்புகள் சொல்வது இதனால்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர் போர்வெல்களில் பல அதைச் சாதாரணமாகத் தாண்டும். ‘அந்த மருந்து எங்கள் தொட்டியில் வேலை செய்யவில்லை’ என்பதில் பாதி இந்தச் சங்கதி. நோயாளி மீனைத் தனி டப்பில் வைத்து, பாதி ஆர்ஓ தண்ணீர், பாதி தொட்டித் தண்ணீர் என்று இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக மாற்றினால் மருந்து பயன்படும். முழு ஆர்ஓ வேண்டாம், தாது இல்லாத தண்ணீர் வீங்கிய மீனை மேலும் வீங்க வைக்கும்.

டப் 20 லிட்டர் போதும். மணல் வேண்டாம், காற்றுக் கல் வேண்டும், கரித்தூள் இருக்கவே கூடாது, அது மருந்தை உறிஞ்சிவிடும். ஆக்சிடெட்ராசைக்ளின் வெளிச்சத்தில் சிதைந்து தண்ணீரைக் கரும்பழுப்பாக்கும். டப்பைத் துணியால் மூடி, 6 முதல் 12 மணி நேரம் கழித்துப் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றி, மறுநாள் புது மருந்து. இப்படிப் பத்து நாள். பெரிய தொட்டியில் நேராக ஊற்றினால் ஃபில்டரில் அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் அடிபடும். ஒரு வாரத்தில் அமோனியா ஏறி, பிழைத்த மீனும் போகும்.

மீன் இன்னும் சாப்பிடுகிறது என்றால் தண்ணீரில் ஊற்றுவதைவிடத் தீவனத்தில் கொடுப்பது எவ்வளவோ மேல். மருந்து நேராக உடம்புக்குள் போகும், ஃபில்டரும் தப்பிக்கும். கணக்கு இது: மீன் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம் ஆக்சிடெட்ராசைக்ளின். மீன் தன் எடையில் ஒரு சதவீதம் தின்னும் என்று வைத்தால் 1 கிராம் தீவனத்தில் 7.5 மில்லிகிராம் மருந்து இருக்க வேண்டும். 250 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஒன்று 33 கிராம் தீவனத்துக்குச் சரி. 20 கிராம் எடையுள்ள கோல்டு ஃபிஷுக்கு நாளுக்கு 0.2 கிராம் தீவனம். நகைக்கடைத் தராசுபோல் பையில் வைக்கும் சின்ன எடைக்கருவி இல்லாமல் இது நடக்காது. பொடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலில் கலக்கித் தீவனத்தில் பிசறி, நிழலில் காயவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் மீன் தெளிந்ததும் நிறுத்துவதுதான் வழக்கமாக நடப்பது. வண்ண மீன்களிலிருந்து எடுத்த ஏரோமோனாஸ்களில் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவை பல நாட்டு ஆய்வுகளில் தென்பட்டதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். நான்கு நாளில் மாற்றமே இல்லையென்றால் அளவைக் கூட்டாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாதவரம் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம்போன்ற இடங்களில் கேட்கலாம். நோயுள்ள மீன் உயிரோடு போனால் நல்லது. செத்ததானால் செத்த சில மணி நேரத்துக்குள், ஐஸின் மேல் வைத்து. உறையவைத்த மீனில் திசு கெட்டிருக்கும், பார்க்கும் பலன் குறைவு.

குள்ள கௌராமி ஒன்று கறுத்து, புண் வந்து, வீங்கி இருந்தால் ஆன்டிபயாடிக்கில் பணம் போடுமுன் யோசியுங்கள். அந்த இனத்தைக் கொல்லும் இரிடோவைரஸ் ஒன்று பண்ணைகளில் பரவலாக இருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது.

மெலிந்துகொண்டே போகும் மீன்

நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, நிறம் மங்கி, மாதத்துக்கு ஒன்றாகச் செத்தால் மைக்கோபாக்டீரியத்தைச் சந்தேகிக்க வேண்டும். மனிதக் காசநோய்க் கிருமியின் உறவு. 1926-இல் ஃபிலடெல்ஃபியா அக்வேரியத்தில் செத்த மீன்களிலிருந்துதான் மைக்கோபாக்டீரியம் மரினத்தை முதலில் பிரித்தெடுத்தார்கள். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் சாம்பல் வெள்ளை மணிகள். அந்த மணிக்குள் மருந்து போகாது. இது ஒன்றுக்கு மருந்து கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இது கையில் வெட்டுக்காயம் வழியாக மனிதருக்கும் வரும். சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத சிவந்த கட்டி வந்து, சிலருக்கு முழங்கைவரை வரிசையாக ஏறும். தோல் மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதை நாமாகச் சொன்னால்தான் அவர் சரியான சோதனை எழுதுவார். ஆறுவதற்கு மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். காயம் இருக்கும் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். ஃபில்டர் தண்ணீரை வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கமும் வேண்டாம்.

அப்படிப்பட்ட மீனை வேதனையின்றி முடிக்கக் கிராம்பு எண்ணெய் போதும். லிட்டருக்கு 0.4 மில்லி, முதலில் ஒரு சின்ன பாட்டில் வெந்நீரில் குலுக்கிப் பால்போல் ஆக்கிவிட்டு ஊற்ற வேண்டும். செவுள் நின்றபின்னும் பத்து நிமிடத்துக்கு மேல் அதிலேயே விட்டுவைக்க வேண்டும். கழிப்பறையில் போடாமல் புதைத்துவிடுங்கள். தொட்டியை, வலையை, குழாயைக் கழுவ வழக்கமான அளவு பிளீச்சிங் கரைசல் மற்றக் கிருமிகளுக்குப் போதும், இந்தக் கிருமிக்கு மெழுகுத் தோல் இருப்பதால் போதாது. அழுக்கைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி காயவிட வேண்டும். ஸ்பாஞ்ச், மரக்கட்டை, மணல் ஆகியவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அடுத்த மீன் வந்தால் அதே வலையைப் பயன்படுத்தாமல் தனி டப்பில் 30 நாள் வைத்திருந்துவிட்டுத் தொட்டியில் விடலாம்.